ரா ஃபைல் வீட்டில் இருக்கட்டும்

முகூர்த்த சீசன் முடிந்து ஆடி பிறந்ததும், புதிதாகத் தொழிலுக்கு வந்த பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, லேப்டாப் மாத்தணும். பெரிய மெஷினா வாங்கி அதுலயே எடிட் பண்றதா, இல்ல எல்லாத்தையும் கிளவுடுல ஏத்திட்டு சின்ன மெஷினை வச்சே ஓட்டிரலாமா?" ஃபோனில் பதில் சொன்னால் அரை மணி நேரம் போகிறது, சொல்ல வேண்டியதில் பாதி விட்டும் போகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமராவில் ரா எடுத்து, அதை வைத்துச் சம்பாதிக்கிறவர் அசல் ஃபைலையும் எடிட்டையும் தன் சொந்த டிஸ்க்கில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கிளவுடை, படம் காட்ட, செலக்‌ஷன் வாங்க, ஒரு பிரதியை வெளியூரில் பத்திரப்படுத்த வைத்துக்கொள்ளலாம். ஃபோனில் மட்டும் எடுக்கிறவருக்கு இது பொருந்தாது. அவர்களைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

இந்தக் கேள்வியில் குழப்பம் வருவதே மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கேட்பதால்தான். மென்பொருள் எங்கே ஓடுகிறது? படம் எங்கே இருக்கிறது? காசு எப்படிப் போகிறது? இந்த மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தேடினால் பாதிக் குழப்பம் தீரும்.

ஃபோட்டோபீயை எடுத்துக்கொள்ளுங்கள். இவான் குட்ஸ்கிர் என்ற ஒரே ஆள் 2013இல் வெளியிட்டது. பிரவுசரில் திறக்கிறது, பார்க்க ஃபோட்டோஷாப் போலவே இருக்கிறது, பிஎஸ்டி ஃபைலையும் திறக்கும். பிரவுசரில் ஓடுவதால் இது கிளவுட் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நீங்கள் திறக்கும் படம் எந்த சர்வருக்கும் போவதில்லை, வேலை முழுக்க உங்கள் மெஷினிலேயே நடக்கிறது. பக்கம் திறந்தபின் நெட் போனாலும் எடிட் நிற்காது. இதற்கு நேர்மாறானது அடோபியின் லைட்ரூம். அதைக் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால்தான் செய்கிறோம், ஐகான் டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது. ஆனால் அதில் இம்போர்ட் செய்யும் ஒவ்வொரு படமும் அசல் அளவிலேயே அடோபியின் சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. லைட்ரூம் கிளாசிக் இன்னொரு வகை. மாதாமாதம் காசு கட்ட வேண்டும், அவ்வப்போது நெட்டில் உரிமத்தைச் சரிபார்க்கும், ஆனால் படங்கள் உங்கள் ஹார்ட் டிஸ்க்கை விட்டு நகர்வதில்லை. டார்க்டேபிளுக்குக் காசும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், எல்லாம் வீட்டிலேயே.

லைட்ரூம் ஏன் இரண்டாகப் பிரிந்தது என்று தெரிந்தால் மற்றதும் விளங்கும். 2007இல் முதல் லைட்ரூம் வந்தபோது ஒரே தடவை காசு கொடுத்து வாங்குவதுதான் வழக்கம். 2013இல் அடோபி, கிரியேட்டிவ் சூட்டைப் பெட்டியில் விற்பதை நிறுத்திவிட்டுச் சந்தாவுக்கு மாறியது. லைட்ரூம் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தனியாகக் கிடைத்தது. 2015இல் வந்த லைட்ரூம் 6தான் அப்படி வாங்க முடிந்த கடைசிப் பதிப்பு. 2017 அக்டோபரில் பழைய மென்பொருளுக்கு லைட்ரூம் கிளாசிக் என்று பெயர் வைத்து, லைட்ரூம் என்ற பெயரைப் புதிய கிளவுட் மென்பொருளுக்குக் கொடுத்தார்கள். கிளாசிக் என்றாலே கொஞ்ச நாளில் மூடப்போகிறார்கள் என்றுதான் எங்கள் வட்டாரத்தில் பேசிக்கொண்டோம். மூடவில்லை. 2023 அக்டோபரில் கிளவுட் லைட்ரூமுக்கே, நம் டிஸ்க்கில் உள்ள ஃபோல்டரை நேராகத் திறந்து எடிட் செய்யும் வசதியைக் கொடுத்தார்கள். எல்லாப் படத்தையும் மேலே ஏற்ற எல்லோராலும் முடியாது என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டதாகத்தான் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

ஏன் முடியாது என்பதற்கு ஒரு கணக்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல், லாஸ்லெஸ் கம்ப்ரஷனில் எடுத்தால் 25 முதல் 30 எம்பி வரும். நிச்சயதார்த்தம், நலங்கு, ரிசப்ஷன், முகூர்த்தம் என்று இரண்டு கேமராவில் எடுத்தால் ஒரு கல்யாணத்துக்கு 4000 படம் சாதாரணம். மொத்தம் சுமார் 120 ஜிபி. அப்லோட் வேகம் 40 எம்பிபிஎஸ் என்றால், நொடிக்கு 5 எம்பி. லைன் ஒரு தடவைகூட அறுந்துபோகாமல் இருந்தால் ஆறு மணி நாற்பது நிமிடம். மண்டபத்தில் ஹாட்ஸ்பாட் போட்டு 10 எம்பிபிஎஸ் கிடைத்தால் ஒரு முழு நாளைத் தாண்டிவிடும். அதற்குள் அடுத்த முகூர்த்தம் வந்துவிடுகிறது. இடம் எவ்வளவு பிடிக்கும் என்றும் பாருங்கள். லைட்ரூமின் 1 டிபி திட்டத்தில் இந்த அளவுள்ள கல்யாணம் எட்டு வைத்தால் நிறைந்துவிடும். ஆவணி மாதத்து முகூர்த்தங்களிலேயே அதைத் தீர்த்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஆல்பத்துக்கு வந்தால் கணக்கு இன்னும் பெரிது. 12க்கு 36 இன்ச் ஷீட்டை 300 டிபிஐயில் வைத்தால் 3600க்கு 10800 பிக்சல். ஷீட் முழுக்கப் பரவும் லேயர் ஒவ்வொன்றுக்கும் மெமரியில் 117 எம்பி போகும். பின்னணி, மூன்று நான்கு படம், அதன் நிழல், மாஸ்க் என்று அடுக்கினால் ஒரு ஷீட்டே ஒரு ஜிபியை நெருங்கும். லேபுக்கு முப்பது ஷீட் போக வேண்டும். இந்த வேலைக்கு ரேம் உள்ள மெஷினும் வேகமான எஸ்எஸ்டியும் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

சரி, எடிட்டின் தரத்தில் வித்தியாசம் உண்டா? கிளாசிக்கிலும் கிளவுட் லைட்ரூமிலும் ராவைப் பிரித்துக் காட்டும் எஞ்சின் ஒன்றுதான். ஸ்லைடர்களும் ஏறக்குறைய அதே. அதனால் 'டெஸ்க்டாப்பில் குவாலிட்டி அதிகம்' என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். மாறுவது நாம் எதைப் பார்த்து முடிவெடுக்கிறோம் என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்கள் வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

முகூர்த்த நேரத்து ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். பெண் கட்டியிருப்பது அரக்கு நிறக் கூறைப்புடவை. வீடியோக்காரரின் எல்இடி ஒரு பக்கம் வெள்ளையாக அடிக்கிறது, மேடை அலங்காரத்து பல்புகள் மஞ்சளாக, கீழே ஹோம நெருப்பு ஆரஞ்சாக. திறந்தவுடன் ஹிஸ்டோகிராமில் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். பட்டின் மடிப்பு, நெசவு, உடலில் ஓடும் சின்ன புட்டா எதுவும் தெரியாது. இழுத்துப் பூசிய மாதிரி ஒரே சிவப்பு. ராவில் அந்த விவரம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெளியே கொண்டுவர வேண்டும்.

முதலில் ஒயிட் பேலன்ஸ். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி சந்தன நிறம், அதில் ட்ராப்பரை வைத்தால் படம் முழுக்க நீலம் ஏறிவிடும். நீலம் போட்டு வெளுத்த பருத்தி வேட்டியில் வைத்தால் மஞ்சள் பக்கம் இழுக்கும். அதனால் தாலி கட்டுவதற்கு முன்பே மேடையில் ஒரு கிரே கார்டை வைத்து ஒரு ஃப்ரேம் எடுத்துவிடுவேன், அதிலிருந்துதான் தொடங்குவேன். பிறகு கலர் மிக்ஸரில் சிவப்பின் சாச்சுரேஷனையும் லூமினன்ஸையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் பட்டின் மடிப்பு ஒவ்வொன்றாக மேலே வரும். அடுத்தது முகம். நலங்கு மஞ்சள் இன்னும் முழுதாகப் போயிருக்காது, மேலே பல்பின் மஞ்சள் வேறு. மஞ்சள் ஸ்லைடரைக் குறைத்தால் முகம் சரியாகிவிடும், ஆனால் கழுத்தில் அப்போதுதான் ஏறிய தாலிக் கயிறும் வெளுத்துப்போகும். மஞ்சள் கயிறு வெளுத்த முகூர்த்தப் படத்தை எந்த வீட்டிலும் ஆல்பத்தில் வைக்கக் கூடாது. அதனால் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு அங்கே மட்டும் குறைக்க வேண்டும், கயிற்றைத் தொடக் கூடாது.

இந்த முடிவு ஒவ்வொன்றும் கண் பார்த்து எடுப்பது. காலிபரேட் செய்த மானிட்டரில் நூறு சதவீத அளவில் பார்த்தால்தான் சிவப்பு எங்கே நிற்கிறது என்று தெரியும். ஃபோனின் திரை வெளிச்சத்தைத் தானே ஏற்றி இறக்கும், விவிட் மோடில் இருந்தால் அரக்கு ரத்தச் சிவப்பாகத் தெரியும். பஸ்ஸில் வரும்போது ஃபோனில் திருத்திய படம் லேபிலிருந்து ஆல்பமாக வரும்போது வேறாக நிற்பதற்கு இதுதான் காரணம். கிளவுடை இதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கிளவுடின் பெரிய வாக்குறுதியே எங்கிருந்தும் எந்தக் கருவியிலும் எடிட் செய்யலாம் என்பதுதானே? அச்சுக்குப் போகும் படத்துக்கு அந்த வாக்குறுதி உதவாது.

இவ்வளவு உழைப்பும் கடைசியில் எங்கே சேமிக்கப்படுகிறது தெரியுமா? ரா ஃபைலை எந்த நல்ல மென்பொருளும் தொடுவதில்லை. நாம் செய்த மாற்றங்களை மட்டும் எழுத்தாக எழுதி வைத்துக்கொள்கிறது. கிளாசிக்கில் ஒரு ராவைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். அதே ஃபோல்டரில் அதே பெயரில் ஓர் எக்ஸ்எம்பி ஃபைல் பிறக்கும். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். டெம்பரேச்சர் 4850, எக்ஸ்போஷர்2012 என்று ஒரு வரி, அதன் எதிரே +0.35, சிவப்பின் சாச்சுரேஷனுக்கு -14 என்று வரிசையாக இருக்கும். எக்ஸ்போஷர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 2012, லைட்ரூம் 4 வந்த ஆண்டு. அப்போது மாற்றி அமைத்த கணக்கு முறையின் பெயர் இன்றைக்கும் அதில் இருக்கிறது. நம் கைவேலை முழுக்க அந்தச் சில வரிகள்தான். கேட்டலாக் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதும்படி டிக் செய்துவிடுங்கள். கேட்டலாக் ஒருநாள் கெட்டுப்போனாலும் எடிட் படத்தோடேயே இருக்கும். வர்ச்சுவல் காப்பி, ஹிஸ்டரி, கலெக்‌ஷன் ஆகியவை அதில் வராது, அதற்குக் கேட்டலாக்கைத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும்.

இங்கேதான் டெஸ்க்டாப், கிளவுட் என்ற இரண்டையும் தாண்டி ஒரு சிக்கல் வருகிறது. அந்த வரிகளைப் படித்துப் படமாக்க அடோபியின் எஞ்சின் வேண்டும். டார்க்டேபிளும் எக்ஸ்எம்பிதான் எழுதுகிறது, ஆனால் உள்ளே இருக்கும் பாஷை வேறு. ஒன்றில் செய்த எடிட் இன்னொன்றில் அப்படியே வராது. ஒரு மென்பொருளை விட்டுப் போகிறவர் ரா ஃபைலை எடுத்துக்கொண்டு போகலாம், எடிட்டை டிஃப் ஆகவோ ஜேபெக் ஆகவோ சமைத்துத்தான் எடுத்துப்போக முடியும். 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட் டிஃப்பாக எடுத்தால் ஒன்று 144 எம்பி. ஆல்பத்துக்குப் போன படங்களுக்கு மட்டும் நான் இப்படி எடுத்து வைக்கிறேன். மற்றவற்றுக்கு முழு அளவு ஜேபெக் போதும்.

காசு கட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும்? எல்லோரும் கடைசியில் கேட்கும் இதை முதலிலேயே கேட்க வேண்டும். கிளாசிக்கில் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டிக்கொள்ளும். ஆனால் கேட்டலாக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், முன்பு செய்த எடிட்டோடு எக்ஸ்போர்ட்டும் செய்யலாம். அசல்கள் எப்படியும் நம் டிஸ்க்கில் இருக்கின்றன. கிளவுட் லைட்ரூமில் அசல்கள் அவர்களிடம் இருக்கின்றன. சந்தா நின்றபின் ஓராண்டு வரை வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள், அதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். ஒரு டிபியை இறக்கி வைக்க அப்போது ஒரு டிஸ்க் வாங்கத்தானே வேண்டும்? அதை இன்றைக்கே வாங்கிவிடலாம் என்பது என் வாதம். விலையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மாதம் 9.99 டாலரில் தொடங்கிய ஃபோட்டோகிராஃபி திட்டத்தின் 20 ஜிபி வகையை 2025 ஜனவரியில் புதியவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள்.

டெஸ்க்டாப் மென்பொருளும் சாகும். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் எந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாலும், எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் பிகாசாதான். கூகுள் 2016இல் அதை நிறுத்தியது. பிகாசா வெப் ஆல்பங்களும் மூடப்பட்டன. ஆனால் மெஷினில் இன்ஸ்டால் செய்த பிகாசா அன்றைக்கே நின்றுவிடவில்லை, வைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் பல காலம் ஓட்டினார்கள். ஆப்பிளின் அப்பர்சர் கதையும் அப்படித்தான். 2014இல் கைவிடுவதாக அறிவித்தார்கள், 2019இல் வந்த கேட்டலினாவில்தான் அது திறக்காமல் போனது. இடையில் ஐந்து ஆண்டு. நம் மெஷினில் ஓடும் மென்பொருள் செத்தாலும் வேறு இடம் பார்க்க நமக்கு அவகாசம் கிடைக்கிறது. சர்வரில் இருப்பதற்கு, அவர்கள் குறிக்கும் தேதிதான் அவகாசம்.

தேதியே குறிக்காமலும் போகலாம். 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், டாக்டர் பார்க்க வேண்டும் என்று தன் சின்னப் பையனின் வீக்கத்தை ஃபோனில் படமெடுத்தார். அந்தப் படம் தானாகவே பேக்கப்பில் ஏறியது. கூகுளின் கணினி அதைக் குழந்தை வன்கொடுமைப் படம் என்று அடையாளம் கண்டு கணக்கை முடக்கியது. போலீஸ் விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று முடித்துவிட்டது. கணக்கு மட்டும் திரும்பவில்லை. மெயில், ஃபோன் நம்பர், பையன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதோடு போயின. 2022இல் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது. நம் வீடுகளில் குழந்தை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற படம் இல்லாத ஃபோன் உண்டா? அந்தப் படங்களுக்கு வேறொரு பிரதி நம் கையில் இருந்தே ஆக வேண்டும் என்று இதைப் படித்த அன்றே வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன்.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டில் ஐஃபோன், ஐபேடுக்கு வந்த லைட்ரூம் 5.4 அப்டேட், பலருடைய படங்களையும் ப்ரீசெட்டுகளையும் அழித்துவிட்டது. திரும்ப எடுக்க வழியில்லை என்று அடோபியே சொன்னது. அழிந்தவை எவை தெரியுமா? கிளவுடில் ஏறாமல் கருவியில் மட்டும் இருந்தவை. ஏறியவை தப்பித்தன. ஒரே இடத்தில் இருப்பது எந்த இடமாக இருந்தாலும் ஆபத்துதான்.

அந்தரங்கம் பற்றியும் பேசியாக வேண்டும். பெண்ணை அலங்காரம் செய்யும் அறைக்குள் எங்களை விடுகிறார்கள். அந்த நம்பிக்கையில் எடுத்த படம் யார் சர்வரில் இருக்கிறது, யார் பார்க்கலாம் என்று அந்த வீட்டார் கேட்டால் எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூனில் அடோபி தன் நிபந்தனைகளைப் புதுப்பித்தபோது, வாடிக்கையாளரின் படங்களைக் கணினி வழியாகவோ ஆள் மூலமாகவோ பார்க்கலாம் என்ற வாசகம் பெரிய சண்டையைக் கிளப்பியது. பிறகு வாசகத்தைத் திருத்தி, வாடிக்கையாளர் படங்களை வைத்து ஃபயர்ஃபிளை என்ற தங்கள் ஏஐயைப் பழக்க மாட்டோம் என்று தெளிவாக எழுதினார்கள். எழுதியதை நான் நம்புகிறேன். ஆனாலும் அந்த அறைப் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, எந்த சிங்கிலும் சேர்ப்பதில்லை. பென்டிரைவில் போட்டுப் பெண்ணின் அம்மா கையிலேயே கொடுத்துவிடுவேன்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். டெஸ்க்டாப்பில்தானே வேலை செய்கிறோம் என்று இருந்தாலும் சில பட்டன்கள் படத்தை வெளியே அனுப்புகின்றன. லைட்ரூமில் 2023இல் வந்த டீநாய்ஸ் நம் மெஷினின் கிராஃபிக்ஸ் கார்டிலேயே ஓடுகிறது, நல்ல கார்டு இருந்தால் நொடிகளில் முடியும், இல்லாவிட்டால் படத்துக்குப் பல நிமிடம் ஆகும். 2024இல் வந்த ஜெனரேட்டிவ் ரிமூவ் அப்படி இல்லை. மேடையின் மூலையில் நிற்கும் பிளாஸ்டிக் நாற்காலியை அழிக்கச் சொன்னால் அந்த வேலை அடோபியின் சர்வரில் நடந்து திரும்புகிறது, நெட் இல்லாவிட்டால் நடக்காது. ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில்லும் அப்படியே. நாற்காலி என்றால் பரவாயில்லை. எந்தப் படத்துக்கு எந்தப் பட்டன் என்று தெரிந்து அழுத்த வேண்டும்.

இனி கிளவுடை எங்கே மனதாரப் பாராட்டுகிறேன் என்று சொல்கிறேன். செலக்‌ஷன். முன்பெல்லாம் பெண்ணின் அப்பா, "தம்பி, எல்லாத்தையும் பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க, பாத்துட்டு நம்பர் எழுதித் தர்றோம்" என்பார். மூன்று மாதம் கழித்து கோடு போட்ட நோட்டில் நம்பர் வரும். 1143ஆ 1148ஆ என்று தெரியாத கையெழுத்து. மாப்பிள்ளை வீட்டார் வேறொரு பட்டியல் தருவார்கள். இன்றைக்கு லிங்க் அனுப்பினால் துபாயில் இருக்கும் சித்தப்பாவும் இங்கே இருக்கும் பாட்டியும் அவரவர் ஃபோனில் பார்த்து லைக் போட்டுவிடுகிறார்கள், ஆல்பம் ஒரு மாதம் முன்னாலேயே லேபுக்குப் போகிறது.

இதற்கு 120 ஜிபியை ஏற்ற வேண்டியதும் இல்லை. கிளாசிக்கில் ஒரு கலெக்‌ஷனை சிங்க் செய்தால் மேலே போவது ரா இல்லை, ஸ்மார்ட் ப்ரிவ்யூ எனப்படும் சின்னப் பிரதி. நீண்ட பக்கம் 2560 பிக்சல். அது உங்கள் கிளவுட் இடக் கணக்கிலும் சேராது. அதை ஃபோனில் திறந்து ஸ்டார் போடலாம், க்ராப் செய்யலாம், வெளிச்சம் திருத்தலாம். எல்லாம் வீட்டு மெஷினில் உள்ள ராவுக்கு வந்து சேரும். ஊருக்குப் போகும் ரயிலில் நான் கழித்துக்கட்டும் வேலையை இப்படித்தான் செய்கிறேன். கண் இமையில் ஃபோகஸ் நிற்கிறதா என்று மட்டும் அந்த அளவில் உறுதி சொல்ல முடியாது, அதை வீட்டில் வந்து பார்க்க வேண்டும். ஃபோனில் லைட்ரூமிலேயே எடுத்த படங்களும் அசல் அளவில் வீட்டு மெஷினுக்கு இறங்கிவிடும். அசல் வீட்டில், பிரதி வெளியே என்ற இந்த ஏற்பாடுதான் எனக்குத் தெரிந்து சிறந்தது. சந்தா கட்ட மனமில்லாதவர்கள் டார்க்டேபிளில் எடிட் செய்து, சின்ன ஜேபெக்குகளை மட்டும் கூகுள் ட்ரைவில் போட்டு லிங்க் கொடுத்தாலும் இதே பலன். லேயர் வேலைக்கு அஃபினிட்டி இருக்கிறது. 2024இல் கேன்வா அதை வாங்கி, 2025 அக்டோபர் கடைசியில் இலவசமாக்கிவிட்டது, கேன்வா கணக்கு ஒன்று மட்டும் தொடங்க வேண்டும்.

வீட்டில் வைப்பதென்றால் ஒழுங்காக வைக்க வேண்டும். பீட்டர் க்ரோக் என்ற ஃபோட்டோகிராஃபர் பரப்பிய 3-2-1 முறையைத்தான் பின்பற்றுகிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். அந்த 'வேறு இடம்' என்பதை நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் தரைத்தளத்துக்குள் புகுந்தபோது, ஒரே அலமாரியில் அடுக்கிய டிஸ்க் இரண்டாக இருந்தால் என்ன, நான்காக இருந்தால் என்ன? ஒரு டிஸ்க் அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ மாடியில் இருக்கட்டும், ஒவ்வொரு சீசன் முடிந்ததும் கொண்டுபோய் மாற்றுங்கள். டெலிவரி ஆன ஜேபெக்குகளைக் கிளவுடில் ஒரு பிரதி போடுங்கள், அதற்கு அதிக இடம் பிடிக்காது.

மெஷின் கேட்ட தம்பிக்கு: 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டு, நல்ல ஐபிஎஸ் மானிட்டர். லேப்டாப்புக்குப் பதில் அசெம்பிள்டு டெஸ்க்டாப் வாங்கினால் அதே காசில் இதெல்லாம் வரும். யுபிஎஸ் கட்டாயம். கேட்டலாக் எழுதும் நேரத்தில் கரண்ட் போகக் கூடாது.

இனி ஃபோனில் மட்டும் எடுக்கிறவர்கள். வீட்டில் புடவை விற்கும் என் அத்தை பெண்ணுக்கு நான் டெஸ்க்டாப் வாங்கச் சொல்லவில்லை. அவள் படம் எடுப்பது, திருத்துவது, வாட்ஸ்அப்பில் போடுவது எல்லாம் அந்த ஃபோனிலேயே, வாங்குகிறவர்கள் பார்ப்பதும் ஃபோனிலேயே. ஸ்னாப்சீட் அவளுக்குப் போதும், படத்தை அது எங்கேயும் அனுப்புவதும் இல்லை. ஃபோன் தொலைந்தால் எல்லாம் போய்விடும் என்பதால் கூகுள் ஃபோட்டோஸ் அவசியம். 2021 ஜூனிலிருந்து அங்கே வரம்பில்லாத இலவசம் கிடையாது, மெயிலும் ட்ரைவும் சேர்த்து 15 ஜிபிதான். அதற்கு மேல் அவள் காசு கட்டுகிறாள், கட்ட வேண்டிய காசுதான் அது. செய்திப் படம் எடுக்கிறவர்களுக்கும் கிளவுட்தான். சம்பவ இடத்திலிருந்து பத்து நிமிடத்தில் டெஸ்க்குக்குப் போய்ச் சேராத படத்துக்கு அன்றைக்கு மதிப்பில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மொத்தத்தையும் ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நூறு படம் மட்டும் போட்டு, எடிட் செய்து, ஆல்பமாகப் பிரித்து, பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். லைட்ரூமில் எக்ஸ்போர்ட் செய்யும்போது அசலோடு செட்டிங்ஸும் சேர்த்து எடுக்கும் வகை உண்டு, அதில் எக்ஸ்எம்பி கூடவே வருகிறதா என்று பாருங்கள். கூகுள் ஃபோட்டோஸ் என்றால் டேக்அவுட் வழியாக எடுக்க வேண்டும். படம் தனியாகவும், தேதி, இடம், குறிப்பு போன்ற விவரங்கள் ஜேசன் ஃபைலாகத் தனியாகவும் வரும். நீங்கள் கையால் திருத்திய தேதிகள் அந்த ஜேசனில் இருக்கும், படத்துக்குள் இருக்காது. பாட்டி காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து 1962, 1971 என்று உட்கார்ந்து தேதி போட்டவர்கள் இதை இப்போதே பார்த்துவிடுவது நல்லது. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் அந்தத் தேதிகளை மறுபடி படத்துக்குள் எழுதலாம். எப்படி என்று அடுத்த பதிவில் படிப்படியாக எழுதுகிறேன்.